ஓடையிற் பிடித்தனவும் தொட்டியிற் பிறந்தனவும்: நியூற்று வளர்ப்புப் பற்றிய ஓர் ஆய்வு

விலங்குகளை மனையில் வைத்துப் பேணும் வழக்கம் மிக்க பழைமை வாய்ந்தது. ஆவும் ஆடும் பயன் கருதி வளர்க்கப்பட்டன. கிளியும் புறாவும் கண்ணுக்கும் செவிக்கும் இன்பம் தருதல் கருதி வளர்க்கப்பட்டன. பயன் கருதி வளர்க்கப்பட்டவை பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனின் பட்டியிலேயே பிறந்து பட்டியிலேயே பெருகி வந்துள்ளன. ஆயின், இன்பங் கருதி வளர்க்கப்படுவனவற்றுட் பல இன்றும் காட்டினின்றும் நீர்நிலையினின்றும் பிடித்துக் கொணரப்படுவனவே. கூட்டினுள் இருக்கும் உயிர் நன்கு பேணப்படுகின்றதா என்று வினவுவோர் பலர். அவ்வுயிர் எங்கிருந்து வந்தது, அது நீங்கிய இடத்தில் எஞ்சி நிற்பது யாது என்று வினவுவோர் சிலரே. இரண்டாவது வினாவின் முழுப் பொருளையும் உணர்த்தவல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அது நியூற்று என்னும் சிற்றுயிரின் வரலாறு.

நியூற்றின் இயல்பு

தவளை, தேரை என்பன அடங்கிய ஈரூடக வாழ்வன என்னும் வகுப்பைச் சேர்ந்தது நியூற்று. முதற் பார்வைக்கு அது பல்லியை ஒத்திருக்கும். நான்கு கால்களும் நீண்ட வாலும் உடையது. எனினும் பல்லியின் தோலிற் செதில் உண்டு. நியூற்றின் தோலோ செதிலின்றி ஈரமாக இருப்பது. வாலுடைய ஈரூடக வாழ்வன யாவும் சலமந்தர்கள் எனப்படும். அவற்றுள் இனப்பெருக்கத்தின் பொருட்டு நீர்நிலையை நாடிச் செல்லும் ஒரு கிளையினவே பொதுவாக நியூற்று எனப் பெயர் பெறுவன. ஐரோப்பா, வட ஆபிரிக்கா, மேற்காசியா, கிழக்காசியா, வட அமெரிக்கா ஆகிய பகுதிகளில் நூற்றுக்கு மேற்பட்ட நியூற்று இனங்கள் வாழ்கின்றன.

இலங்கையில் வாலுடைய ஈரூடக வாழ்வன ஒன்றேனும் இல்லை. இங்குள்ளவை தவளை தேரைகளும், மண்ணுள் மறைந்து வாழும் காலற்ற சிசிலியன்களுமே. இந்தியாவிலும் இமயத்தின் கிழக்குச் சரிவிலும் வடகீழ் மலைநாடுகளிலும் மாத்திரம் தைலோத்திரித்தன் என்னும் சாதியைச் சேர்ந்த நியூற்றுகள் காணப்படுகின்றன. தமிழ் வழங்கும் நிலத்தில் இவ்வுயிர் இல்லாமையாற் போலும் தமிழில் இதற்குத் தனிப்பெயர் தோன்றவில்லை. நீர்ப்பல்லி எனப் பெயரிடலாமெனினும், பல்லி ஊர்வன வகுப்பினது ஆதலின் அப்பெயர் மயக்கந் தரும்.

நியூற்றின் வாழ்க்கை வட்டம் பொறுமையோடு கவனிப்போர்க்கு வியப்பூட்டுவது. பெண் நியூற்று தன் முட்டைகளைத் தவளையைப் போல ஒரே திரளாக இடுவதில்லை. பல இனங்களில் அது நீர்ச்செடியின் இலையொன்றைப் பின்னங்கால்களால் மடித்து, அம்மடிப்பினுள் ஒரு முட்டையை இட்டு, பின்னர் அடுத்த இலைக்குச் செல்லும். முட்டையினின்று வெளிவரும் குடம்பி கழுத்தின் இருபுறத்தும் இறகு போன்ற பூக்களைக் கொண்டு நீரிலேயே சுவாசிக்கும். சில மாதங்களில் உருமாற்றம் நிகழ்ந்து, பூக்கள் மறைந்து, இளநியூற்று தரையேறும். வட அமெரிக்காவின் கீழைப்பகுதியில் வாழும் செம்புள்ளி நியூற்று இவ்வாறு தரையேறியபின் இரண்டு முதல் ஏழு ஆண்டுகள் வரை செந்நிறத்தோடு காட்டுத் தரையில் அலைந்து, அதன் பின்னரே நீருக்கு மீளும்.

அறிவியல் வரலாற்றிலும் இதற்குத் தனியிடம் உண்டு. இழந்த காலையும் வாலையும் சலமந்தர்கள் மீள வளர்க்கும் என்பதை இத்தாலிய அறிஞர் ஸ்பல்லன்சானி 1768 ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டினார். ஜேர்மனியரான ஹான்ஸ் ஸ்பேமனும் ஹில்டே மங்கோல்டும் நியூற்று முளையங்களைக் கொண்டு நிகழ்த்தி 1924 இல் வெளியிட்ட பரிசோதனை, உடலின் உறுப்புக்கள் ஒழுங்குபெறும் வகையை விளக்கிற்று; 1935 இல் ஸ்பேமன் நோபல் பரிசு பெற்றார். யப்பானிய நியூற்றொன்றின் கண்வில்லை பதினாறு ஆண்டுகளிற் பதினெட்டு முறை அகற்றப்பட்டும் ஒவ்வொரு முறையும் குறைவின்றி வளர்ந்தமை 2011 இல் வெளியான ஆய்வினாற் புலனாயிற்று.

இவ்வளவு மென்மையான உடலுக்குக் காப்பாக இருப்பது நஞ்சு. வட அமெரிக்காவின் மேலைக்கரையில் வாழும் கரடுதோல் நியூற்றின் உடலிலுள்ள நஞ்சு, பேத்தை மீனில் உள்ள அதே நஞ்சாகும். 1979 இல் ஓரெகன் மாநிலத்தில் இந்நியூற்றொன்றை விழுங்கிய இருபத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் உயிர் துறந்தார். எவ்வினமாயினும் நியூற்றைத் தொட்டபின் கைகழுவுதல் வேண்டும் என்பது வளர்ப்போர்க்குரிய முதல் விதி.

பிடித்து விற்கும் வணிகம்

கண்ணாடித் தொட்டியில் நீர்வாழ் உயிர்களை வளர்க்கும் விருப்பம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பாவிற் பரவியது. நியூற்றும் அத்தொட்டியில் இடம் பெற்றது. முதலிற் சிறுவர் தம் ஊர்க் குளத்திற் பிடித்தவையே வளர்க்கப்பட்டன. கடல்கடந்த போக்குவரத்து விரைவுற்ற பின்னர்க் கிழக்காசிய இனங்கள் கடைகளை நிறைத்தன. அவற்றுள் முதன்மையானது சீனத் தீவயிற்று நியூற்று. கருமுதுகும் செவ்வயிறும் கொண்ட, விரல் நீளமே உடைய இவ்வுயிர், தங்கமீனுக்கு அருகில் வைத்து மிகக் குறைந்த விலைக்கு விற்கப்பட்டது. 2010 ஆம் ஆண்டு முதல் 2014 ஆம் ஆண்டு வரையான ஐந்தாண்டுகளில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் இறக்குமதியான சலமந்தர்களின் தொகை 750,000 இற்கு மேற்பட்டது. அவற்றுள் ஏறக்குறைய யாவும் ஆசியாவிற்குரியவை. பெரும்பாலன தீவயிற்று நியூற்றும் அதன் நெருங்கிய உறவினங்களுமாம்.

காட்டில் பிடித்த நியூற்று மலிவாகவும் தொட்டியிற் பிறந்தது விலையேறியதாகவும் இருப்பதற்குக் காரணம் எளிதில் விளங்கும். பிடிப்பவனுக்கு ஆகும் செலவு ஒரு நாட் கூலியும் ஒரு வலையுமே. அவ்வுயிரை முட்டையிலிருந்து வளர்த்த செலவை ஓடை ஏற்றுக்கொண்டது. ஓடைக்கு எவரும் விலை கொடுப்பதில்லை. வளர்த்துப் பெருக்குவோனோ நீர், குளிர்ச்சி, உயிருணவு, ஈராண்டு மூவாண்டு உழைப்பு ஆகிய யாவற்றுக்கும் தானே செலவிடுகின்றான். எனவே சந்தையிற் காணப்படும் விலை வேறுபாடு உண்மையான விலை வேறுபாடன்று. ஒன்றின் விலையிற் பெரும் பகுதி கணக்கில் எழுதப்படாது விடப்பட்டது. மற்றதன் விலை முழுமையாக எழுதப்பட்டது.

எழுதப்படாத அவ்விலை எத்தகையது என்பதை நியூற்றின் பெருக்க முறையே காட்டும். ஆயிரக்கணக்கில் முட்டையிடும் தேரையினங்கள் உண்டு. ஐரோப்பாவின் கொண்டை நியூற்றோ ஒரு பருவத்தில் இருநூறு முந்நூறு முட்டைகளே இடும். பாரம்பரியக் குறைபாடொன்றினால் அவற்றுட் பாதி பொரிக்கு முன்னரே இறந்துபடும். எஞ்சிய குடம்பிகளிற் பெரும்பாலனவற்றை மீன்களும் தும்பியின் குடம்பிகளும் உண்ணும். இவ்விழப்பை ஈடுசெய்வது முதிர்ந்த நியூற்றின் நீண்ட ஆயுளே. அது பல ஆண்டுகள் வாழ்ந்து பல பருவங்களில் முட்டையிடுவதனாலேயே இனம் நிலைக்கின்றது. வணிகர் பிடிப்பதோ இம்முதிர்ந்தவற்றையே. இனப்பெருக்க காலத்தில் ஆணும் பெண்ணுமாக ஒரே குளத்திற் கூடும்போது ஒரு மாலைப்பொழுதில் வலையினால் வாரி எடுத்துவிடலாம். முட்டையையும் குடம்பியையும் ஓரளவு இழந்தாலும் தாங்கவல்ல இனம், முதிர்ந்தவற்றை இழந்தாற் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். விதைநெல்லை உண்ட வேளாளன் நிலையே அது.

லாவோசும் ஈரானும்

இவ்வணிகம் ஓரினத்தை எவ்வளவு விரைவில் வருத்தவல்லது என்பதற்கு லாவோஸ் நாட்டு நியூற்றே சான்று. வடலாவோசின் மலையோடைகளில் வாழும் இவ்வுயிரை, பிரையன் ஸ்ருவாட், தியோடர் பாப்பன்புஸ் என்னும் அறிஞர் இருவர் 2002 ஆம் ஆண்டிலே புதிய இனமாக விவரித்தனர். அறிவியல் மரபுக்கு இயையக் கண்ட இடமும் கட்டுரையிற் குறிக்கப்பட்டது. அக்குறிப்பையே வழிகாட்டியாகக் கொண்டு வணிகர் அம்மலைகளை அடைந்தனர். ஊரவர்க்குப் பணங் கொடுத்து நியூற்றுகள் பிடிக்கப்பட்டு, ஐரோப்பாவிலும் யப்பானிலும் உயர்ந்த விலைக்கு விற்கப்பட்டன. ஓரினத்தைக் காக்கும் முதற்படி அதனை அறிதல். இங்கே அவ்வறிவே அதற்குப் பகையாயிற்று. ஸ்ருவாட்டும் அவருடன் சேர்ந்த ஆய்வாளரும் இந்நிலையை 2006 இல் 'சயன்ஸ்' என்னும் அறிவியல் ஏட்டில் வெளிப்படுத்தினர். அரிய இனங்களைப் புதிதாக விவரிக்கும் ஆய்வாளர் சிலர் கண்ட இடத்தை மறைத்தே எழுதும் வழக்கம் இத்தகைய நிகழ்ச்சிகளின் விளைவாகும்.

ஈரானின் கதை சற்றே வேறானது. அந்நாட்டின் தென்மேற்கில், சாக்குரோசு மலைத்தொடரின் ஒரு பகுதியில் மாத்திரம் வாழ்வது லூரிஸ்தான் நியூற்று. கருமையும் வெண்மையும் கலந்த உடலும், முதுகின் நெடுகே செம்மஞ்சட் கோடும் கொண்ட இதன் அழகே இதற்குக் கேடாயிற்று. காட்டிற் பிடித்தவை அயல்நாட்டுச் சந்தைகளுக்குக் கடத்தப்பட்டன. அழிவுக்கு இலக்காகும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்துவதற்கென 1973 இல் வாஷிங்டனில் உருவான உடன்படிக்கை, சைற்றிஸ் என வழங்குவது. இலங்கை அதில் 1979 இற் சேர்ந்தது. அவ்வுடன்படிக்கையின் முதலாம் அட்டவணையில் லூரிஸ்தான் நியூற்று 2010 ஆம் ஆண்டிற் சேர்க்கப்பட்டது. அதனால் காட்டிற் பிடித்தவற்றைக் கொண்டு நடத்தும் சர்வதேச வணிகம் தடைப்பட்டது. அதே காலத்தில் விலங்குக் காட்சிச்சாலைகளும் தனிப்பட்ட வளர்ப்போரும் இவ்வினத்தைத் தொட்டியிற் பெருக்கக் கற்றுக்கொண்டனர். பல நியூற்றுகளை விட இது தொட்டி வாழ்வுக்கு இலகுவில் இசைவது. பின்னர் ஈரானில் விரிவான ஆய்வுகள் நிகழ்ந்து புதிய ஓடைகளிலும் இவ்வினம் காணப்பட்டமையால், மிக மோசமான ஆபத்துக்கு உள்ளான இனம் என்ற நிலையிலிருந்து சற்றுக் குறைந்த ஆபத்து நிலைக்கு 2016 இல் அது மாற்றப்பட்டது. தடை ஒருபுறமும் தொட்டிப் பெருக்கம் மறுபுறமுமாக நின்றமையால், இந்நியூற்றை விரும்புவோர் காட்டினதை நாடவேண்டிய தேவை குறைந்தது.

தொற்றின் வருகை

காட்டில் பிடித்த நியூற்றால் அது பிறந்த ஓடை மாத்திரமன்றி, அது சென்று சேர்ந்த நாடும் கேடுற்றது. நெதர்லாந்தின் தென்கோடியிலுள்ள ஒரு காட்டில் வாழ்ந்த தீச்சலமந்தர்கள் 2010 ஆம் ஆண்டளவிற் காரணம் விளங்காது இறக்கத் தொடங்கின. சில ஆண்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வீதத்துக்கும் மேற்பட்டவை அழிந்தன. 2013 இல் பெல்ஜியத்தின் கென்ற் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் மார்ட்டல், பிராங்க் பஸ்மன்ஸ் ஆகியோரும் அவருடன் உழைத்தோரும் இதற்குக் காரணமான பங்கசைக் கண்டறிந்து பெயரிட்டனர். 'சலமந்தரை உண்பது' என்னும் பொருள்பட அமைந்தது அப்பெயர். தோலிலே புண்களைத் தோற்றுவித்துச் சில நாட்களிற் கொல்லும் இயல்பினது அது. சலமந்தர்க்குத் தோல் வெறும் போர்வையன்று. அது சுவாசிப்பதும் உப்பின் அளவைச் சீர்செய்வதும் தோலினாலேயே. ஆதலின் தோல் கெட்டால் உயிர் நிலையாது.

நான்கு கண்டங்களிலிருந்து ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஈரூடக வாழ்வன சோதிக்கப்பட்டு, 2014 இல் முடிபுகள் வெளியாயின. பங்கசின் தாயகம் ஆசியா என்பது தெளிவாயிற்று. தாய்லாந்து, வியற்நாம், யப்பான் ஆகிய நாடுகளில் அது காணப்பட்டது. 1861 இற் சேகரிக்கப்பட்டு நூதனசாலையிற் காக்கப்பட்ட வாள்வால் நியூற்றொன்றிலும் அதன் தடயம் இருந்தது. ஆசிய நியூற்றுகள் பல நீண்ட காலம் இப்பங்கசோடு ஒருங்கு வாழ்ந்தமையாற் பெருங்கேடின்றி அதனைத் தாங்குகின்றன. ஐரோப்பிய சலமந்தர்க்கு அத்தகைய பழக்கம் இல்லை. இப்பங்கசு ஐரோப்பாவை அடைந்த வழி, உயிருடன் ஆசிய நியூற்றுகளை விற்கும் வணிகமே என்பது ஆய்வாளர் முடிபு. ஜேர்மனி, ஸ்பெயின் ஆகிய நாடுகளிலும் அது பின்னர்க் காணப்பட்டது.

அரசுகள் விழித்துக்கொண்டன. சுவிற்சர்லாந்து 2015 இற் சலமந்தர் இறக்குமதியைத் தடுத்தது. உலகில் எந்நாட்டிலும் மிகுதியான சலமந்தர் இனங்களைக் கொண்ட அமெரிக்க ஐக்கிய நாடு, 2016 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 201 இனங்களின் இறக்குமதியைத் தடைசெய்தது. கனடா 2017 இல் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2018 இல், வணிகத்துக்கு வரும் சலமந்தர்கள் குறைந்தது ஆறு கிழமைகள் தனிமைப்படுத்தப்பட்டுச் சோதிக்கப்படல் வேண்டும் என விதித்தது. சைற்றிஸ் உடன்படிக்கையில் 2019 இல் இரண்டு ஆசிய நியூற்றுச் சாதிகள் முழுமையாக இரண்டாம் அட்டவணையில் அமைந்தன. 2022 இல் லாவோஸ் நியூற்றும் அவ்வட்டவணையில், காட்டிற் பிடித்தவற்றை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்யலாகாது என்னும் நிபந்தனையோடு சேர்ந்தது. தொட்டியிற் பிறந்ததையே நாடுதல் இவ்வாறு பல நாடுகளிற் சட்டத்தின் துணையையும் பெற்றது.

தொட்டியிற் பெருக்கும் முறை

நியூற்றைத் தொட்டியிற் பெருக்குதல் இயலாத செயலன்று. பொறுமை வேண்டிய செயல். முதலாவது தேவை குளிர்ச்சி. பெரும்பாலான இனங்கள் இருபது பாகை சதமவளவைக்கு உட்பட்ட நீரையே விரும்புவன. மாரியில் நீரின் வெப்பநிலை மேலும் தாழ்ந்து, பின் மெல்ல உயர்ந்தாலன்றிப் பல இனங்கள் துணை தேடா. அவை பருவத்தை அறிவது அவ்வேற்றத் தாழ்வினாலேயே. முட்டையிட்டபின் இலைகளோடு முட்டைகளை வேறு பாத்திரத்துக்கு மாற்றல் வேண்டும். அன்றேல் பெற்றவையே அவற்றை உண்ணும். குடம்பிகள் அசையும் இரையையே பற்றுவன ஆதலின், நீர்த்தெள்ளும் உவர்நீரிறாலின் நுண்குஞ்சும் நாள்தோறும் பொரிப்பித்துக் கொடுத்தல் வேண்டும். இடம் போதாதெனின் அவை ஒன்றன் காலை ஒன்று கடித்துவிடும். கடியுண்ட கால் மீள வளருமெனினும் வளர்ச்சி தாமதமாகும்.

இதற்கு மேல் வருவதே கடினமான கட்டம். உருமாற்றம் முடிந்து பூக்கள் மறைந்த இளநியூற்றுக்கு ஏறி நிற்கத் தரை இல்லையெனிற் பல இனங்களில் அது நீரில் மூழ்கி இறக்கும். தரையேறிய பின்னர் அதன் இரை முற்றாக மாறும். பழ ஈக்களையும், தத்தும் நுண்பூச்சிகளையும், நறுக்கிய மண்புழுவையும் சிறிது சிறிதாகக் கொடுத்து, மீண்டும் நீரை நாடும் பருவம் வரை காத்திருத்தல் வேண்டும். இதற்கு ஈராண்டு மூவாண்டு செல்லும்.

தொடக்கத்திற் பழகுவோர்க்கு இசைவான இனங்களும் உள. ஐபீரியக் குடாநாட்டிலும் மொறொக்கோவிலும் வாழும் விலாநியூற்று அவற்றுள் ஒன்று. பகையிடம் அகப்படும்போது தன் விலா எலும்பின் முனைகளைத் தோலூடாக வெளிநீட்டிக் குத்தும் வியத்தகு இயல்பு அதற்குண்டு. அது வாழ்நாளின் பெரும் பகுதியை நீரிலேயே கழிக்க வல்லது. தொட்டியில் எளிதிற் பெருகுவது. ஆய்வுகூடங்களிலும் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்படுவது. இத்தகைய இனங்களிருப்பக் காட்டினின்று பிடித்ததை வாங்குதற்கு நியாயமில்லை.

பிறப்பை அறியும் வழிகள்

'தொட்டியிற் பிறந்தது' என்று விற்போன் கூறுவதனால் மாத்திரம் அது உண்மையாகிவிடாது. சைற்றிஸ் ஆவணங்களில் உயிர்களின் தோற்றுவாய் ஆங்கில எழுத்துக்களாற் குறிக்கப்படும். 'டபிள்யூ' என்பது காட்டில் பிடித்தது. 'சி' என்பது முறையாகத் தொட்டியிற் பெருக்கப்பட்டது. 'எப்' என்பது தொட்டியிற் பிறந்ததாயினும் அவ்வரையறையை நிறைவு செய்யாதது. பெற்றோர் காட்டில் சூலுற்ற நிலையிற் பிடிபட்டுத் தொட்டியில் முட்டையிட்டிருப்பின், குஞ்சுகள் தொட்டியிற் பிறந்தவையே. ஆயினும் அப்பெற்றோரைக் காடு இழந்தது. ஆதலால், சட்டபூர்வமாகப் பெற்ற தொகுதியினின்று, காட்டை மேலும் நாடாமல், தலைமுறை தலைமுறையாகப் பெருக்கும் ஆற்றல் இருந்தாலன்றி முழுமையான தொட்டிப் பெருக்கம் எனக் கொள்ளப்படுவதில்லை. இவ்வேறுபாட்டை அறியாதோர் சொல்லின் மயக்கத்திற் சிக்குதல் எளிது.

வாங்குவோன் வினவத்தக்கவை சிலவே. முட்டை பொரித்தது எந்த மாதம்? பெற்றோர் எங்கே உள்ளன? அவற்றைக் காணமுடியுமா? இப்போது எவ்வுணவை உண்கின்றன? நோய்ச் சோதனை செய்யப்பட்டதா? உண்மையாகவே பெருக்கியவன் இவ்வினாக்களுக்கு விரிவாகவும் மகிழ்ச்சியோடும் விடை பகர்வான். மூன்றாண்டு உழைப்பைப் பற்றிப் பேச எவனும் தயங்கமாட்டான். பிடித்ததை விற்போன் விடையைத் தவிர்ப்பான் அல்லது மற்றொரு வணிகனைச் சுட்டுவான்.

உயிரின் தோற்றமும் சான்று பகரும். தொட்டியிற் பிறந்தவை பெரும்பாலும் இளமையிலேயே, ஒத்த பருமனுடையனவாக விற்பனைக்கு வரும். முழுவளர்ச்சி பெற்ற நியூற்றுகள் நூற்றுக்கணக்கில் ஒரே தொட்டியில் மலிவாகக் கிடப்பின் அவை ஓடையினின்று வந்தவை எனக் கொள்ளலாம். மெலிந்த உடல், சேதமுற்ற வாய், தோற்புண் என்பன பிடிப்பின் துன்பத்தையும் நெடும் பயணத்தையும் காட்டுவன. தீவயிற்று நியூற்றுகளில் வயிற்றின் நிறமும் ஒரு குறிப்பாகும். அச்செந்நிறம் இரையினாற் கிடைக்கும் கரோற்றினொயிட்டு என்னும் நிறப்பொருளால் ஆவது. காட்டுணவு பெறாது தொட்டியில் வளர்ந்தவற்றின் வயிறு வெளிறிய மஞ்சளாக இருத்தல் உண்டு. அறியாதோர் இவ்வெளிறலை நோயெனக் கருதி, செக்கச்சிவந்த காட்டு நியூற்றையே தெரிவு செய்வர். அது பிழையான தெரிவு. எனினும் நிறப்பொருள் கலந்த உணவு கொடுத்து வளர்ப்போரும் உண்மையின், நிறத்தை மாத்திரம் கொண்டு முடிபு செய்தலும் பொருந்தாது.

தொட்டிப் பெருக்கத்தின் எல்லைகள்

தொட்டிப் பெருக்கம் எல்லாக் குறைக்கும் மருந்தென்று கூறுதல் மிகையாகும். அதன் எல்லைகளை உணர்த்துவது மெக்சிக்கோ நாட்டு அக்சலொட்டலின் வரலாறு. நியூற்றுக்கு உறவான இச்சலமந்தர் மெக்சிக்கோ நகரை அடுத்த சொச்சிமில்கோ நீர்நிலைகளுக்கே உரியது. 1864 இல் அங்கிருந்து 34 உயிர்கள் பாரிசுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அவற்றுட் சிலவற்றைப் பெற்ற ஓகுஸ்த் டுமேரில் என்னும் அறிஞர் அவற்றைப் பெருக்குவதில் வெற்றி கண்டார். அன்று தொடங்கிய பெருக்கத்தின் பயனாக அக்சலொட்டல் உலகெங்கும் ஆய்வுகூடங்களிலும் இல்லங்களிலும் பெருகிற்று. வளர்ப்போரின் தேவைக்காகக் காட்டினின்று பிடிக்க வேண்டிய நிலை இல்லை. எனினும் அதன் தாயகத்தில் 1998 இற் சதுர கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 6,000 ஆக மதிப்பிடப்பட்ட தொகை, 2014 இல் 36 ஆகச் சுருங்கிற்று. நீர் மாசுற்றமையும், வெளியிலிருந்து விடப்பட்ட கெண்டை, திலாப்பியா ஆகிய மீன்களும், நகரின் பெருக்கமும் அதற்குக் காரணங்களாயின. தொட்டியில் இலட்சம் உயிர்கள் இருத்தல் ஓடையில் ஓருயிரையும் காத்துவிடாது. தொட்டிப் பெருக்கம் நீக்குவது பிடிப்பு என்னும் ஒரு கேட்டையே. ஏனைய கேடுகளை நீக்க நீர்நிலையையே காத்தல் வேண்டும்.

இரண்டாவது எல்லை நோய். தொட்டியிற் பிறந்தவையும் காட்டில் பிடித்தவற்றோடு ஒரே அறையில் இருந்தால் பங்கசைப் பெறும். ஐரோப்பாவிற் தனியார் தொகுதிகளிலும் இந்நோய் தோன்றியதை 2015 ஆம் ஆண்டு முதல் வெளியான ஆய்வுகள் காட்டின. ஆதலின் புதிய உயிரைத் தனித்து வைத்தலும், தோலைத் துடைத்தெடுத்த மாதிரியைச் சோதிப்பித்தலும், தொட்டி நீரைக் கிருமியகற்றாது வெளியிற் கொட்டாமையும் இன்றியமையாதன. தீச்சலமந்தர்களை இருபத்தைந்து பாகையிற் பத்து நாட்கள் வைத்தாற் பங்கசு அழியும் என்பது கண்டறியப்பட்டுள்ளது. குளிர் விரும்பும் நியூற்று இனங்கள் பல அவ்வெப்பத்தைத் தாங்கமாட்டாமையால், அம்முறையை எல்லாவற்றுக்கும் கையாளல் இயலாது.

மூன்றாவது, வளர்த்து அலுத்தவற்றை அருகிலுள்ள குளத்தில் விடுதல். இரக்கத்தினாற் செய்யும் இச்செயல் பெருந்தீமையாய் முடியும். இத்தாலியக் கொண்டை நியூற்று தன் எல்லைக்கு அப்பால் விடப்பட்டு, நெதர்லாந்திலே அந்நாட்டுக் கொண்டை நியூற்றோடு கலந்து அதன் தூய்மையைக் கெடுத்துள்ளது. நியூற்றே இல்லாத நியூசிலாந்திலும் 2013 இல் ஐரோப்பிய மலைநியூற்று காணப்பட்டது. தொட்டியிற் பிறந்தது தொட்டியிலேயே வாழ்ந்து முடிதல் வேண்டும் என்பதே விதி.

பிடித்து விற்பதால் வறிய மலைவாசிகள் சிறிது பொருள் பெறுகின்றனர் என்னும் வாதமும் எடுத்து நோக்கற்பாலது. அவ்வருவாய் உண்மையானதே. ஆனால் ஓடை வறிதாகும் ஆண்டோடு அது முடிந்துவிடும். வணிகன் வேறோர் ஓடைக்குச் செல்வான், ஊரவன் வறிய ஓடையோடு எஞ்சி நிற்பான். நிலையான வருவாய் ஓடையும் அதன் உயிர்களும் நிலைத்திருப்பதிலேயே தங்கியுள்ளது.

தொட்டி வளர்ப்போர் தம் பொழுதுபோக்கைப் பொதுப்பணியாக உயர்த்தியமைக்கும் சான்று உண்டு. ஜேர்மனியில் 2018 இல் தொடங்கிய ஒரு திட்டத்தின் கீழ் விலங்குக் காட்சிச்சாலைகளும் தனிப்பட்ட வளர்ப்போரும் இணைந்து, ஆபத்துக்குள்ளான ஈரூடக வாழ்வனவற்றைப் பதிவேடு வைத்துப் பெருக்கி வருகின்றனர். காட்சிச்சாலைகளிலுள்ள இடம் அருகிவரும் இனங்கள் யாவற்றுக்கும் போதாது. பயிற்சி பெற்ற ஆர்வலர் இல்லங்கள் அக்குறையைச் சிறிதளவேனும் நிரப்புகின்றன.

நியூற்று இல்லாத இலங்கைக்கும் இவ்வரலாறு புறம்பானதன்று. தென்மேல் ஈரவலயத்தின் நிழலோடைகளுக்கே உரிய செரி பார்ப் என்னும் செந்நிறச் சிறுமீனை 1929 இல் தெரணியகலை அறிவியலுக்கு அறிமுகஞ் செய்தார். பின்னர் அது உலகெங்கும் தொட்டி வளர்ப்போரின் விருப்பமீனாயிற்று. இன்று அயல்நாட்டுக் கடைகளில் விற்கப்படும் செரி பார்ப்கள் பெரும்பாலும் பண்ணைகளிற் பிறந்தனவே. அவை அங்ஙனம் பிறவாதிருந்தால், அத்தேவை முழுவதும் இந்நாட்டின் சில ஓடைகள் மீதே சுமந்திருக்கும். இலங்கையில் நூற்றுக்கு மேற்பட்ட தவளையினங்கள் உள்ளன. அவற்றுட் பெரும்பாலன உலகில் வேறெங்கும் இல்லாதவை; சில ஒரு மலையின் ஒரு சாரலுக்கே உரியவை. அவற்றில் ஒன்று நாளை அயல்நாட்டார் கண்ணைக் கவருமாயின், லாவோஸ் நியூற்றுக்கு நேர்ந்தது அதற்கும் நேரலாம்.

ஆதலின் உயிரொன்றை விலைகொடுத்து வாங்குமுன் 'இது எங்கே பிறந்தது?' என்னும் ஒரு வினாவைக் கேட்டுப் பழகுதல் வேண்டும். கேட்போர் பெருகப் பெருக, விடை சொல்ல இயலாத வணிகம் சுருங்கும். விடை சொல்ல வல்ல வளர்ப்போன் தழைப்பான். மாணவர்க்கு விலங்கியல் கற்பிக்கும் மன்றங்களில், உயிரின் உறுப்புக்களோடு அதன் ஊரும் கற்பிக்கப்படுமாயின், அவ்வினா இளமையிலேயே வேரூன்றும்.